பன்றிக்குப் பூசிய மில் எண்ணெய்

டாக்டர், உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஜனங்களிடம் சொல்லவில்லை. அந்த ஊரில் பிள்ளைகள் செத்ததற்கு மலைக்காரர்களின் அறியாமை காரணம் இல்லை, நீங்கள் வாயை மூடிக்கொண்டதுதான் காரணம்.

நம் செவிலியர் சங்க இதழின் சென்ற வெளியீட்டில் டாக்டருக்கு நடந்த பாராட்டு விழாவின் செய்தி வந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் வேலை பார்த்த காலத்தில் மலைமக்கள் தடுப்பூசி போட விடாமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று மேடையில் சொல்லியிருக்கிறார். தட்டம்மை வந்தபோது பிள்ளைகளைப் பறிகொடுத்தார்களாம். எவ்வளவு சொன்னாலும் கேட்காத ஜனங்களாம்.

இளைய செவிலியர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “உங்க அனுபவத்த எழுதுங்கம்மா” என்று கேட்பார்கள். எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக் கழித்துவந்தேன். இப்போது எழுதுகிறேன். டாக்டரின் பெயரைப் போடவில்லை, யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஊரின் பெயரையும் போடவில்லை. அந்தத் தாய்மார்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான் கலசப்பாக்கத்துக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊரில் பிறந்தவள். பள்ளிப்படிப்பு முடிந்ததும் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஊசி போடக் கற்றேன், பிரசவம் பார்க்கக் கற்றேன், திட்டு வாங்கக் கற்றேன். எழுபதுகளின் கடைசியில் புதூர்நாட்டுப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் போட்டார்கள். மலைக்குப் போடுவது தண்டனை என்று அப்போது பேச்சு. இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லையே, அதற்குள் என்ன தப்புச் செய்தேன் என்று அலுவலகத்தில் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜீப் போகும் இடம் வரை ஜீப், அதற்குமேல் நடை. என் பொறுப்பில் இருந்த சிற்றூர்களில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். மேல் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமையும் கேழ்வரகும் விளைவிப்பவர்கள், புளி உலுக்குபவர்கள். வீட்டுக்கு வீடு பன்றி வளர்த்தார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பன்றிக்கறி சமைக்கமாட்டோம். பேசும்போதே முகத்தைச் சுளிப்போம். மேல் ஊரில் அது விருந்தாளிக்குப் போடும் சாப்பாடு. நான் அவர்கள் வீட்டில் களி சாப்பிடுவேன், அவரைக்காய்க் குழம்பு சாப்பிடுவேன், கறியை மட்டும் தொடமாட்டேன். அதை அவர்கள் கவனித்திருந்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண் கர்ப்பமானால் ஒரு பன்றிக்குட்டியை அவளுக்கென்று ஒதுக்கி வளர்ப்பார்கள். பிள்ளை பிறந்ததும் அதை அறுப்பார்கள். கறியை ஊர் பகிர்ந்துகொள்ளும். கொழுப்பை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. அதை உருக்கிக் கலயத்தில் ஊற்றி வைப்பார்கள். நெணம் என்பார்கள். சூடான களியின் நடுவில் குழி செய்து, அதில் ஒரு கரண்டி நெணம் விட்டுத் தாய் சாப்பிடுவாள். பிள்ளைக்குச் சாப்பாடு பழக்கும்போது கூழில் கலந்து ஊட்டுவார்கள். பிள்ளை நோஞ்சானாக இருந்தால் கூடுதலாக ஊட்டுவார்கள். வீட்டு ஆண்கள் பசியோடு இருந்தாலும் அந்தக் கலயத்தைத் திறக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்கள் சாப்பிட்டு மிஞ்சியதுதான் பெண்ணுக்கு. இங்கே வீட்டில் இருப்பதிலேயே உயர்ந்த பண்டம் தாய்க்கும் பிள்ளைக்கும் போனது. பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திட்டத்தின் பேரில் மேல் ஊருக்கு வெள்ளைச் சீமைப்பன்றிகள் கொடுத்தார்கள். நாட்டுப்பன்றியைவிட இரண்டு பங்கு வளரும், கொழுப்பு நிறைய வரும் என்றார்கள். வளரத்தான் செய்தன. ஆனால் கறுப்புப் பன்றிக்கு ஒத்துக்கொண்ட மலை வெயில் வெள்ளைத் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் சிவந்து உரிந்தது. பிறகு சொறி பிடித்தது. திட்டத்தைப் பார்த்துக்கொண்ட மனிதரை ஊரில் ‘பன்னி ஆபீசர்’ என்பார்கள். அவர் வந்தபோது வெள்ளையன் என்பவர் கேட்டார்.

“இன்னாங்க ஆபீசரே, உங்க பன்னிக்குக் கொட புடிக்க ஒரு ஆளு போடுவீங்களா?”

“கொட வாணாம்யா. எண்ண தர்றேன், பூசு.”

அடுத்த முறை அவர் தகர டின்களில் எண்ணெய் கொண்டுவந்தார். கீழே ஒரு மில்லை மூடிவிட்டார்களாம். அங்கிருந்த பழைய மின்சாரப் பெட்டிகளை ஒரு காயலான் கடைக்காரர் வாங்கி, உள்ளே இருந்த செம்பை எடுத்துக்கொண்டு, எண்ணெயை டின் டின்னாக விற்றாராம். பூசினால் சொறி போய்விடும், தவிட்டில் கொஞ்சம் கலந்து வைத்தால் வயிற்றுப் பூச்சி போய்விடும் என்று ஆபீசர் சொல்லிக்கொடுத்தார். சொறி போனது. அதனால் அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. மில் எண்ணெய் என்று பெயர் வைத்து, வெள்ளைப் பன்றி கறுப்புப் பன்றி எல்லாவற்றுக்கும் பூசினார்கள். பன்றிகள் ஒன்றையொன்று நக்கிக்கொண்டன.

இப்போது ஊசிக்கு வருகிறேன். இன்றைய செவிலியர்களுக்கு எல்லாம் தயாராக வருகிறது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். காசநோய்த் தடுப்பு மருந்து தூளாக வரும். அதற்குரிய நீரில் கரைக்க வேண்டும். குலுக்கக்கூடாது, குப்பியை மெதுவாகச் சுழற்ற வேண்டும். வெயில் பட்டால் மருந்து செத்துவிடும் என்பதால் கறுப்புத் துணி சுற்றி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் தூக்கிக்கொண்டு நடப்போம். கரைத்ததை அன்றே போட்டு முடித்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பிள்ளையின் இடது தோளில் போடுவோம். ஊசியின் முனை தோலுக்கு அடியில் போகக்கூடாது, தோலுக்குள்ளேயே நிற்க வேண்டும். சரியாக நின்றால் அந்த இடம் கமலாப்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக வெளுத்துத் தடிக்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சில வாரம் கழித்து அதே இடத்தில் சின்னக் கட்டி எழும்பும், பழுக்கும், உடையும், காய்ந்து தழும்பாகும். தாய்மார்கள் பயப்படுவார்கள். நாங்கள் நிம்மதி அடைவோம். உடம்பு சண்டைக்கு எழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

மேல் ஊரில் கட்டி எழும்பவில்லை.

ஒரு பிள்ளைக்கு எழும்பாவிட்டால் விட்டுவிடலாம். வரிசையாகத் தோளைத் திறந்து பார்க்கிறேன், எல்லாம் வழவழவென்று இருக்கிறது. அதே நாளில், அதே குப்பியிலிருந்து, கீழே இருந்த அடுத்த சிற்றூரிலும் போட்டிருந்தேன். அந்த ஊருக்குச் சீமைப்பன்றித் திட்டம் போகவில்லை. அங்கே பிள்ளைகளின் தோளில் கட்டி பழுத்திருந்தது. மேல் ஊர்ப் பிள்ளைகளுக்கு மற்றக் கோளாறுகளும் இருந்தன. காதில் சீழ் நிற்கவில்லை. ஒரு கொப்புளம் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. சளியும் பேதியும் மாறி மாறி வந்தன. தாய்மார்களின் கன்னத்தில் கருமுனையோடு பருக்கள் அடைஅடையாக இருந்தன.

கீழே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கத்தமாட்டார். நாம் உள்ளே போனால் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, “உக்காருங்கம்மா” என்பார். குறுக்கே பேசாமல் முழுதும் கேட்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு, “பார்க்கலாம்மா” என்பார். அந்தச் சொல்லுக்கு அப்போது மதிப்பு இருந்தது, ஏனென்றால் உண்மையிலேயே வந்து பார்ப்பார். கசப்பு மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும்முன் தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார். நோயாளி தரையில் இருந்தால் தானும் தரையில் உட்காருவார். மேல் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போய், இலை போட்டுப் பன்றிக்கறி சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். ‘நம்ம கறி துன்ன டாக்டரு’ என்று அதை ஊரே சொல்லிச் சொல்லிப் பெருமைப்படும். நல்ல டாக்டர். மோசமான ஆளாக இருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஐஸ் உருகிவிட்டதா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை நம்பினார். ஜீப் எடுத்துக்கொண்டு வந்தார், என்னோடு ஏறினார்.

லச்சி என்ற பெண்ணின் வீட்டுக்குத்தான் முதலில் அழைத்துப் போனேன். லச்சி வெள்ளையனின் மனைவி. என் வயதுதான். மலையில் எனக்கு இருந்த ஒரே தோழி. அவளுடைய மகள் மலர் அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். டாக்டர் மலரின் தோளைப் பார்த்தார். காதைப் பார்த்தார். இமைகள் தடித்துப் பீளை கட்டியிருந்ததைத் துடைத்துப் பார்த்தார். விரல் நகங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நகம் பழுப்பேறி இருந்தது. நான் அதுவரை அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன். பிறகு லச்சியின் கன்னத்தையும் நகத்தையும் பார்த்தார். வெள்ளையனைக் கூப்பிட்டுப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் இல்லை.

“ஆம்பளைங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. நீங்க மட்டும் தனியா என்ன சாப்புடுறீங்கம்மா?” என்றார்.

லச்சி கலயத்தைக் காட்டினாள். “நெணம் சார். இது பெத்தவளுக்கும் புள்ளைக்கும்தான். அவரு மோந்துகூடப் பாக்கக் கூடாது.”

வெளியே பன்றிக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி இருந்தது. அதன் அடியில் எண்ணெய் படிந்திருந்தது. டாக்டர் குனிந்து பார்த்தபடியே இருந்தார். லச்சிக்கு அவர் எதைப் பார்க்கிறார் என்று புரிந்துவிட்டது.

“இன்னா சார் பாக்கறீங்க? எங்க எண்ணெய்க்கு நீச்சல் தெரியாது” என்று சிரித்தாள். “எல்லா எண்ணெயும் மெதக்கும், இது முழுகிப் பூடும். நாங்க அத வெச்சிப் புள்ளைங்களுக்கு வேடிக்க காட்டுவோம்.”

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் வாங்கி, டின்னிலிருந்து கொஞ்சம் ஊற்றினார். தேன்போல நேராக அடிக்குப் போனது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று வெள்ளையனைக் கேட்டார். மில், மின்சாரப் பெட்டி, பன்னி ஆபீசர் எல்லாவற்றையும் வெள்ளையன் சொன்னார். டாக்டர் அவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார்.

இறங்கி வரும் வழியில், ஜீப் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, என்னிடம் சொன்னார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். “அது மின்சாரக் கருவிக்குள்ள சூடு தாங்கறதுக்காகப் போடுற ரசாயனம்மா. சாதாரண எண்ணெய் இல்ல. உடம்புக்குள்ள போனா வெளிய வராது, கொழுப்புல போய் உக்காந்துக்கும். பன்றிக் கொழுப்புல இருந்து அதைத் தின்னவங்க கொழுப்புக்கு. அங்கிருந்து தாய்ப்பாலுக்கு. நோயை எதிர்க்குற சக்தியையே அது மந்தமாக்கிடும்னு படிச்சிருக்கேன். அந்தப் பருவும் நகமும் அதேதான்னு நெனைக்கிறேன்.”

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நானாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. கட்டி எழும்பவில்லை என்று மட்டும்தான் நான் பார்த்தேன். ஏன் என்று பார்த்தவர் அவர்தான்.

“அப்போ இப்பவே திரும்பிப் போய்ச் சொல்லிடலாம் சார்” என்றேன்.

“நிரூபணம் வேணும்மா. கொழுப்பைச் சோதனைக்கு அனுப்பணும். மேல எழுதணும். பெரிய அதிகாரி அந்தப் பன்றித் திட்டத்தைப் பார்க்க வர்றாரு, இந்த நேரத்துல அவசரப்பட்டா சிக்கல்.”

“அதுவரைக்கும் சாப்புட்டுக்கிட்டே இருப்பாங்களே.”

கண்ணாடியைத் துடைத்தார். “நீங்க பக்குவமா சொல்லிடுங்க.”

எனக்குப் பக்குவமாகப் பேச வராது. மறுவாரமே ஊர் நடுவில் பெண்களைக் கூட்டி நேராகச் சொன்னேன். மில் எண்ணெய் விஷம், அது பன்றியின் நெணத்தில் இறங்கியிருக்கிறது, நெணத்தைக் கொட்டிவிடுங்கள், அதனால்தான் பிள்ளைகளுக்குச் சீழ் நிற்கவில்லை, ஊசி பிடிக்கவில்லை என்றேன்.

ஒரு பெண் கேட்டாள், “வெளிய பூசறது உள்ள எப்பிடிப் போவும்?” இன்னொருத்தி, “எம்புள்ள நோஞ்சானா கீது. நெணத்தயும் நிறுத்திட்டா இன்னாத்தக் குடுப்பேன், நீ வந்து நெய் ஊத்துவியா?” என்றாள்.

லச்சி மட்டும் என்னைத் தனியாக இழுத்துப்போனாள். “நெசமா சொல்றியா? இல்ல, பன்னின்னா உனக்கு ஆவாதுன்னு சொல்றியா?”

“நெசமா சொல்றேன் லச்சி. டாக்டர் சொன்னாரு.”

“அப்ப டாக்டர கேட்டுடலாம். அவரு சொன்னா ஊரே கேக்கும்.”

சந்தை நாளில் வெள்ளையனும் ஊர் ஆட்கள் சிலரும் கீழே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். லச்சி மலரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் உள்ளே இருந்தேன். டாக்டரின் அறையில் எதிர் நாற்காலியில் பன்னி ஆபீசர் உட்கார்ந்திருந்தார். பெரிய அதிகாரி வரும் நாளில் ஊரில் நடக்கவிருந்த வரவேற்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையன் வாசலில் நின்று கும்பிட்டார்.

“சார், நீங்க எங்க கறி துன்னவரு. அதான் உங்களக் கேக்க வந்தோம். பன்னி நெணத்துல வெசம் கீதுன்னு நர்சம்மா சொல்றாங்க. நெசங்களா?”

பன்னி ஆபீசர் சிரித்தார். “வெசம் இருந்தா மொதல்ல பன்னியில்லய்யா செத்திருக்கணும்.”

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கத்தைவிட நீண்ட நேரம் துடைத்தார்.

“நர்சம்மா உங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க” என்றார். “கொஞ்சம் சுத்தமா இருக்கணும். பன்றியை வீட்டுக்குத் தள்ளிக் கட்டுங்க. கைய கழுவுங்க. மத்தபடி பயப்பட ஒண்ணுமில்ல.”

“அப்ப துன்னலாங்களா?”

“பார்க்கலாம்.”

“சார், மலையில என்கிட்ட சொன்னத இவங்ககிட்ட சொல்லுங்க” என்றேன்.

“நீங்க போயி ஊசிகளக் கொதிக்க வைங்கம்மா” என்றார். அவர் என் பேச்சைக் குறுக்கே வெட்டியது அன்று ஒருமுறைதான்.

வெள்ளையன் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “எங்க வூட்ல களி துன்னுவீங்க, கறி தொட மாட்டீங்க. அது உங்க எஷ்டம். எங்கள நாறுதுன்னு நேரா சொல்லிட்டுப் போயிருக்கலாம் நர்சம்மா. புள்ளைங்கள வெச்சிச் சொல்லியிருக்க வேணாம்.”

சுத்தமாக இருங்கள் என்று டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையில் நான் சொன்னதெல்லாம் மாறிப்போனது. விஷம் என்ற எச்சரிக்கை, பன்றி தின்பவர்கள் அசுத்தமானவர்கள் என்ற ஏச்சாக அவர்கள் காதில் விழுந்தது. எங்களைப் போன்ற கீழ்நாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன ஏச்சு அது. என் வாயிலிருந்து வந்ததால் சுலபமாகப் பொருந்திவிட்டது.

அதற்குப் பிறகுதான் கதவுகள் சாத்தப்பட்டன. இளைய செவிலியர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அதுவரை அந்த ஊரில் ஒரு தாயும் எனக்குப் பிள்ளையின் தோளைக் காட்ட மறுத்தது இல்லை. அன்று முதல் நான் வருவதைப் பார்த்தால் பெண்கள் உள்ளே போனார்கள். டாக்டர் மேடையில் சொன்ன அறியாமை இதுதான். அவர் பிறப்பித்த அறியாமை.

பெரிய அதிகாரி வந்தார். கழுவிய பன்றிகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

புளி உலுக்கும் காலத்தில் தட்டம்மை வந்தது. அதற்கான ஊசி அப்போது எந்த ஊருக்கும் வந்திருக்கவில்லை. முதலில் பன்றித் திட்டம் போகாத கீழ் ஊரில் வந்தது. அங்கே பிள்ளைகள் வாடிக் கிடந்து, தோல் உதிர்ந்து, எழுந்துகொண்டன. பிறகு மேல் ஊருக்கு ஏறியது. அங்கே எழுந்துகொள்ளவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று நான் சொல்லப்போவதில்லை. எண்ணிக்கை சொன்னால் அதை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

லச்சி என்னைக் கூப்பிட்டனுப்பியது அம்மை இறங்க ஆரம்பித்த பிறகு. பொதுவாக அது பிள்ளை தேறும் நேரம். நான் போனபோது நடுப்பகல். மலர் மங்கிய கண்களோடு கிடந்தாள். வாய் முழுக்க வெள்ளைப் புண். இரண்டு காதிலும் சீழ். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் தோல் குழிந்தது. பேதி நிற்கவில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வாயோரத்தில் வழிந்தது. கையிலிருந்த மருந்தைப் பொடி செய்து கொடுத்தேன். அதுவும் வழிந்தது. கீழே தூக்கிப் போகலாம் என்றேன். வெள்ளையன் போர்வையை எடுத்தார். லச்சி தூக்கிக்கொண்டாள். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

ஜீப் நிற்கும் இடத்துக்கு வந்தோம். ஜீப் இல்லை. டாக்டர் அதில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். வாடகை ஜீப் வருமா என்று பார்க்க வெள்ளையன் கீழே ஓடினார். நாங்கள் பலாமரத்து நிழலில் உட்கார்ந்தோம். லச்சி மடியிலிருந்து சின்னக் கிண்ணம் ஒன்றை எடுத்தாள். துணி கட்டியிருந்தது. பிரித்து விரலால் தொட்டு மலரின் உதட்டில் தடவினாள். நெணம்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேணாம் லச்சி.”

“வேற ஒண்ணும் உள்ள வாங்க மாட்டுது நர்சம்மா. இத மட்டும் நக்குது பாரு.”

மலர் நாக்கை நீட்டி நக்கினாள். நான் லச்சியின் கையை விட்டுவிட்டேன்.

வாடகை ஜீப் வரும்முன் பிள்ளை போய்விட்டாள். லச்சி கிண்ணத்தைத் துணி கட்டி மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

“நீ சொன்னது நெசமா?”

“நெசம்.”

“டாக்டருக்குத் தெரியுமா?”

“தெரியும். அவருதான் எனக்கே சொன்னாரு.”

“அப்ப ஏன் சொல்லல?”

நான் போர்வையை இழுத்து மலரின் காலை மூடினேன்.

அடுத்த வாரம் அதே கேள்வியை டாக்டரிடம் கேட்டேன். மேல்படிப்புக்கு இடம் கிடைத்து, புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மலர் இறந்ததைச் சொன்னேன். உட்காரச் சொன்னார். “ரொம்ப வருத்தமா இருக்கும்மா” என்றார். அவர் கண் கலங்கியது, அதை மறைக்கமாட்டேன். மேலே எழுதினீர்களா, கொழுப்பைச் சோதனைக்கு அனுப்பினீர்களா என்றேன். “பார்க்கலாம்மா” என்றார். அந்த வாரமே போய்விட்டார். சோதிக்க யாரும் வரவில்லை. டின்கள் தீரும்வரை மில் எண்ணெய் இருந்தது. பன்னி ஆபீசரும் மாற்றலாகிப் போனார்.

கொழுப்பை யாரும் சோதிக்காததால் என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. தட்டம்மை எந்த எண்ணெயும் இல்லாத ஊர்களிலும் பிள்ளைகளைக் கொன்றிருக்கிறது, அது எனக்கும் தெரியும். ஒன்றும் இல்லை என்று சோதனையில் வந்திருந்தால், அன்றே என் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சோதிக்கவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. கேட்டவர்களின் முகத்துக்கு நேராக உண்மையை மறைத்தார் என்பது இன்னொன்று.

மேல் ஊரில் நெணத்தை நிறுத்தியது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. லச்சி நிறுத்தினாள். மலருக்குப் பிறகு தன் வீட்டுக் கலயத்தை ஊர் பார்க்கக் குழி தோண்டிக் கொட்டினாள். வீடு வீடாகப் போய்க் கேட்டாள். சிலர் கொட்டினார்கள், சிலர் அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். அவளுக்கு அடுத்துப் பிறந்த பிள்ளைக்கும் ஊசி போட்ட இடத்தில் ஒன்றும் எழும்பவில்லை. தின்பதை நிறுத்தினாலும் தாய் உடம்பில் இருந்தது போகவில்லை போலிருக்கிறது. அந்தப் பிள்ளை பிழைத்தது, ஆனால் எப்போதும் நோயாளி. மூன்றாவது பையனின் தோளில்தான் கட்டி பழுத்தது. லச்சி அவனைத் தூக்கிக்கொண்டு துணை நிலையம் வரை நடந்துவந்து காட்டினாள். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர், விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், படத்தில் பார்த்தேன். வயதாகிவிட்டது. எனக்கும் ஆகிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். உட்காருங்கம்மா என்று சொல்ல வேண்டாம். நீங்கள் மேடையில் எல்லோர் முன்னாலும் அந்த ஜனங்களைப் பழித்தீர்கள், எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால் அடுத்த இதழில் அப்படியே போடுவதாக ஆசிரியர் என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். மலையில் என்னிடம் அதைச் சொன்னீர்களா இல்லையா? மேலே எழுதினீர்களா இல்லையா? வெள்ளையன் வாசலில் நின்று கேட்டபோது ஏன் சொல்லவில்லை?

லச்சிக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் எழுதுவதை அவளுடைய பையன் படித்துக் காட்டுவான். எழுதுங்கள்.